காதுக்கு மருந்து விட்டால் வீடு சுற்றுதாம்

கேள்வி: அக்கா, என் மகனுக்கு எட்டு வயது. லீவு விட்டால் நிலாவெளிக் கடலை விட்டு ஏற மாட்டான். போன கிழமை காதைத் தொட்டாலே அழுதான், டொக்டர் காதுக்குழாயில் கிருமி என்று சொட்டு மருந்து தந்தார், நாளுக்கு மூன்று தரம் நாலு சொட்டு. ஆனால் மருந்து உள்ளே போனதும் "அம்மா, வீடு சுத்துது" என்று கட்டிலைப் பிடித்துக்கொள்கிறான். நிறுத்திவிடவா? மாமி தேங்காயெண்ணெயைச் சூடாக்கி விடச் சொல்கிறார். என் கணவருக்குப் போன வருடம் தந்த காது மருந்தும் பாதிப் போத்தல் இருக்கிறது, அதை விட்டுப் பார்க்கலாமா?
(வாசகி, உப்புவெளி)

பதில்: தங்கச்சி, அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். போத்தலை எங்கே வைத்திருக்கிறீர்கள், பிரிட்ஜிலா? அப்படியென்றால் பெரும்பாலும் காரணம் அதுதான். காதுக்கு உள்ளே, நம் உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்ளும் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன, அதற்குள் ஒரு திரவம். குளிர்ந்த மருந்து பக்கத்தில் போய் நின்றதும் அந்தத் திரவம் குளிர்ந்து அசைகிறது, மூளை அதைத் தலை சுற்றுவதாக எடுத்துக்கொள்கிறது. பிள்ளை நடிக்கவில்லை, அவனுக்கு உண்மையாகவே வீடு சுற்றுகிறது.

போத்தலை உள்ளங்கையில் பொத்தி இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள், போதும். சுடுதண்ணிக்குள் போட வேண்டாம். உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், குளிரும் தெரியக் கூடாது, சூடும் தெரியக் கூடாது. கையைக் கழுவிவிட்டு, நோகிற காது மேலே இருக்கும்படி அவனைச் சரித்துப் படுக்கவையுங்கள். காது மடலை மேலேயும் பின்னாலேயும் மெதுவாக இழுத்தால் காதுக்குழாய் நேராகும் (மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் கீழேயும் பின்னாலேயும்). போத்தலின் நுனி காதில் முட்டக் கூடாது, முட்டினால் அங்குள்ள கிருமி மருந்துக்குள் போய்விடும். சொட்டு விழுந்ததும், காதுத் துவாரத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு மேடு இருக்கிறதே, அதை நாலைந்து தரம் அமத்தி அமத்தி விடுங்கள், மருந்து உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் அப்படியே படுக்கட்டும், ஒரு கதை சொல்லுங்கள். எழும்பும்போது வழிந்து வருவதை வெளியே மட்டும் துடையுங்கள், பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம்.

இப்படி இளஞ்சூட்டில் விட்டும் தலை சுற்றினால், அல்லது மருந்தின் கசப்பு தொண்டையில் தெரிகிறது என்று அவன் சொன்னால், செவிப்பறையில் ஓட்டை இருக்கக்கூடும். அடுத்த சொட்டு விடாமல் டொக்டரிடம் போங்கள். பழைய போத்தலை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை கலந்த சொட்டு மருந்துகள் ஓட்டை வழியே உட்காதுக்குப் போனால் கேட்கும் சக்தியையே கெடுக்கலாம். அதோடு திறந்த சொட்டு மருந்துகள் பெரும்பாலும் 28 நாள்தான், போன வருடத்துப் போத்தலை இன்றைக்கே எறியுங்கள். புதுப் போத்தலில் திறந்த திகதியைப் பேனையால் எழுதி வையுங்கள்.

மாமி அன்பில்தான் சொல்கிறார், எங்கள் அம்மம்மாவும் அதைத்தான் செய்தார். ஆனாலும் கிருமி பிடித்து வீங்கிய காதில் எண்ணெய் வேண்டாம். சூடு கொஞ்சம் கூடினால் தோல் வெந்துவிடும், அப்புறம் டொக்டர் உள்ளே பார்க்கவும் முடியாது.

நோ குறைந்துவிட்டதென்று இடையில் நிறுத்தாமல், டொக்டர் சொன்ன நாள் முழுக்க விடுங்கள். மூன்று நாளாகியும் குறையாவிட்டால் திரும்பக் காட்டுங்கள். காய்ச்சல் வந்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னுக்குத் தள்ளினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஒரு பத்து நாளைக்குக் கடல் வேண்டாம், கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளியால் தலைக்கு ஊற்றுவதும் வேண்டாம். வீட்டில் குளிக்கும்போது பஞ்சில் வாஸலின் பூசிக் காது வாசலில் மட்டும் வையுங்கள், குளித்து முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.