கோடு போட்ட நோட்டும் பத்து லட்ச ரூபாயும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற சனிக்கிழமை நீங்களும் உங்கள் மனைவியும் மகளை அழைத்துக்கொண்டு அவள் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க என்னைப் பார்க்க வந்தீர்கள். கோவை கணபதியில் இருபது ஆண்டுகளாக லேத் (உலோகம் கடையும் இயந்திரம்) பட்டறை நடத்துவதையும், மகள் பி.பி.எட். (உடற்கல்வி இளநிலைப் பட்டம்) இறுதிப் பருவத்தில் இருப்பதையும், அடுத்து எம்.பி.எட். (உடற்கல்வி முதுநிலைப் பட்டம்) படித்து அதன்பின் உடற்கல்வியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யப்போவதாக அவள் பிடிவாதம் பிடிப்பதையும் சொன்னீர்கள். பெங்களூரில் இருக்கும் உங்கள் மைத்துனர், அக்கா மகள் மீதுள்ள அக்கறையில், ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. இடம் பேசி வைத்திருக்கிறார் என்றும், 'பி.டி. டீச்சர் வேலைக்கு எதற்கு ஆராய்ச்சி' என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றும் கூறினீர்கள். உங்கள் மனைவி கண்கலங்கியதைப் பார்த்து, நிதானமாக யோசிக்கலாம் என்று நான் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படி அனுப்பியது தவறு. முன்பணம் கட்டும் நாள் அடுத்த வாரம் என்பதால் நேராகவே எழுதுகிறேன்: அந்த எம்.பி.ஏ.வில் அவளைச் சேர்க்காதீர்கள்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். இரண்டு ஆண்டுக்குப் பத்து லட்சம் என்றீர்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் கேட்டால் வங்கிகள் பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்கும். உங்களிடம் ஈடு வைக்க இருப்பது பட்டறை நிற்கும் இடம் மட்டும்தான். 11 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுத் தவணை என்று வைத்தால், படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலேயே மாதம் சுமார் 17,100 ரூபாய் கட்ட வேண்டும். முடியும்போது 14 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். வணிக மேலாண்மையில் ஒரு நாளும் ஆர்வம் காட்டாத பெண்ணுக்கு, வளாகத் தேர்வில் எந்தெந்த நிறுவனங்கள் என்ன சம்பளத்துக்கு ஆள் எடுத்தன என்று எழுத்தில் தர மறுக்கும் ஒரு கல்லூரியில், பட்டறை நிலத்தை அடகு வைத்துப் படிப்பு வாங்கித் தருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளே ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாலும் இந்தக் கல்லூரியில் இந்தக் கட்டணத்துக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். பி.பி.எட்.டுக்குப் பின் இருக்கும் மற்ற வழிகளான அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வு, காவல்துறைத் தேர்வு ஆகியவற்றைப் பற்றி உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவற்றை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த நோட்டைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் இருவரும் வெளியே தேநீர் குடிக்கப் போயிருந்தபோது உங்கள் மகள் அதை எடுத்துக் காட்டினாள். உங்கள் பட்டறையில் வேலை பழகும் நான்கு பையன்களின் வயது, உயரம், அன்று எத்தனை மணி நேரம் நின்று வேலை செய்தார்கள் என்பதையெல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். ஒவ்வொருவருக்கும் மனித உடலின் முன்புறத்தையும் பின்புறத்தையும் கோட்டுருவமாக வரைந்து, வலிக்கும் இடத்தைச் சிவப்பு மையால் குறித்திருக்கிறாள். நால்வரில் உயரமான பையனுக்கு மட்டும் இடுப்புக்கு மேலே சிவப்பு அடர்ந்திருக்கிறது. லேத்தின் உயரத்தை மாற்ற முடியாது. குள்ளமான பையனுக்கு நீங்கள் காலடியில் பலகை போட்டுக் கொடுத்தீர்களாம், உயரமானவனோ நாள் முழுக்கச் சக்கில் (லேத்தின் பிடிப்பானில்) மாட்டிய ஜாபை, அதாவது கடையும் உலோகத் துண்டை, குனிந்து பார்க்கிறான் என்று பக்கத்தில் குறிப்பு எழுதியிருக்கிறாள். பழைய மரப்பெட்டியின் மேல் அளவுகோலை ஆணியடித்து, காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் எட்டும் தூரத்தைத் திங்கள் காலையும் சனி மாலையும் அளந்திருக்கிறாள். அதன் கீழே இப்படி ஒரு வரி இருந்தது: 'இரண்டு நாளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வார வேலையால் வந்ததா, காலையில் உடம்பு இறுக்கமாக இருப்பதால் வந்ததா? இனி ஒரே நேரத்தில்தான் அளக்க வேண்டும்.'

ஐயா, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீண்ட கடிதம். தான் எடுத்த அளவையே நம்பாமல், அதில் வேறு காரணம் கலந்திருக்குமோ என்று சந்தேகப்படும் குணத்தை ஆய்வுமுறைப் பாடம் இரண்டு பருவம் நடத்தியும் பல மாணவர்களிடம் கொண்டுவர முடிவதில்லை. உங்கள் மகளுக்கு அது பட்டறையிலேயே வந்திருக்கிறது.

இதில் ஆராய என்ன இருக்கிறது என்று மைத்துனர் கேட்டாரல்லவா? உடற்கல்வி என்றால் விசிலும் ஒரு கால்பந்தும் என்ற எண்ணம் நம் பள்ளிக்கூட அனுபவத்திலிருந்து வந்தது. சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நூறாண்டு கடந்து நந்தனத்தில் இயங்குகிறது. மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே தமிழக அரசு ஒரு பல்கலைக்கழகம் நடத்துகிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. வடக்கே குவாலியரில் 1957இல் தொடங்கிய இலட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனம் இருக்கிறது. பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவர் ஓடும் தூரத்தைக் கொண்டு அவர் உடல் ஆக்சிஜனை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று மதிப்பிடலாம் எனக் கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் 1968இல் காட்டினார்; அந்தச் சோதனையை இன்றும் உலகெங்கும் நடத்துகிறார்கள். உங்கள் மகள் மரப்பெட்டியில் செய்த சோதனைக்கும் வெல்ஸ், தில்லன் என்ற இருவர் 1952இல் முறையான வடிவம் கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு மை வேலைக்கும் ஒரு முன்னோடி உண்டு. கழுத்து முதல் கணுக்கால் வரை உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதத்திலும் கடந்த 7 நாளிலும் எங்கே வலி இருந்தது என்று கேட்கும், வட ஐரோப்பிய நாடுகளின் ஆய்வாளர்கள் உருவாக்கிய நார்டிக் வினாப்பட்டியல் 1987இல் வெளிவந்தது. அவள் இவை எதையும் படிக்காமலேயே அவற்றின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள்.

அவள் தேர்ந்துகொள்ள வேண்டிய ஆய்வுப் புலமும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் பிள்ளைகள் 14 வயதிலிருந்தே சேரலாம். டர்னர், ஃபிட்டர் பிரிவுகள் இரண்டு ஆண்டு, வெல்டர் ஓராண்டு. எலும்பும் தசையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் நாள்தோறும் பல மணி நேரம் கான்கிரீட் தரையில் நிற்கிறார்கள், வளைகிறார்கள், கனமானதைத் தூக்குகிறார்கள். கண்ணாடி அணி, கையுறை போடு, தீ பிடித்தால் இப்படிச் செய் என்று பாதுகாப்புப் பாடம் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலை முப்பது ஆண்டு தாங்குவதற்கு முதுகையும் தோளையும் பிடிவலுவையும் எப்படித் தயார் செய்வது, எந்தப் பயிற்சியைப் பட்டறைக்கு முன்னும் எதைப் பின்னும் செய்வது, அதனால் வலி குறைகிறதா என்ற கேள்விகளை ஓர் உடற்கல்விக்காரர் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். ஜப்பானில் 1928இல் வானொலி வழியாகத் தொடங்கிய உடற்பயிற்சியைத் தொழிற்சாலைகளில் இன்றும் வேலைக்கு முன் செய்கிறார்கள். சோவியத் நாட்டில் தொழில்சார்ந்த உடற்பயிற்சி என்பது தனிப் பாடமாகவே வளர்ந்தது. கோவை போன்ற பட்டறை ஊரில் பிறந்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்தத் துறையின் குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் 'சோத்கங்கா' தளத்தில் உடற்கல்விப் பிரிவைத் திறந்து பார்த்தால், ஒரே அச்சில் வார்த்தவைபோல எத்தனையோ ஏடுகள் கண்ணில் படும்: கல்லூரி மாணவர்கள் மூன்று குழு, பன்னிரண்டு வாரப் பயிற்சி, முன்தேர்வு, பின்தேர்வு, முன்தேர்வு வித்தியாசத்தைச் சரிக்கட்டிக் குழுக்களை ஒப்பிடும் இணைமாறுபாட்டுப் பகுப்பாய்வு, 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது' என்ற முடிவு. அந்தப் புள்ளியியல் முறையில் பிழை இல்லை. யாருக்கு, எதற்காக அந்தக் கேள்வி என்பதுதான் அவற்றில் தெரிவதில்லை. உங்கள் மகள் அந்த ஏடுகளில் ஐந்தையாவது முழுதாகப் படித்து, ஒவ்வொன்றிலும் அளவு எடுத்த நேரம், பயிற்சியை நடுவில் விட்டவர்களின் எண்ணிக்கை, குழு பிரித்த விதம் ஆகியவற்றைத் தன் நோட்டில் குறிக்கட்டும். எம்.பி.எட். வகுப்பு தொடங்கும்வரை அவளுக்கு நான் கொடுக்கும் வேலை இது.

வழி இப்படி அமையும். எம்.பி.எட். இரண்டு ஆண்டு, அரசுப் பல்கலைக்கழகத்திலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ மட்டும் சேர்க்க வேண்டும். இறுதியாண்டிலேயே, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தேசிய அளவில் நடக்கும் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தேர்வு எழுதலாம். ஆண்டுக்கு இருமுறை நடக்கும் அந்தத் தேர்வில் முதல் தாளில் 50 வினா, இரண்டாம் தாளில் 100 வினா, மொத்தம் மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. உடற்கல்விக்கான வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்த உங்கள் மகளுக்கு உண்மையான மேடு இதுதான். அதற்குப் பயிற்சி மையத்தில் ஐம்பதாயிரம் கட்ட வேண்டாம். உடற்செயலியல் (உடல் இயங்கும் விதம்), உயிர்விசையியல் (உடல் அசைவில் விசைகள்) பாடநூல்களை ஆங்கிலத்தில் தினம் பத்துப் பக்கம், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டு படித்தால் மேட்டை ஏறிவிடலாம்.

அந்தத் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று ஆண்டு மாதம் 42,000 ரூபாய். ஐந்தாண்டும் முழுதாகப் பெற்றால் கூட்டுத்தொகை 24 லட்சம். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. பணம் சில மாதம் தாமதமாக வரும். கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் வீட்டிலிருந்து பத்து லட்சம் போகிறது, மறுபக்கம் படிக்கும் காலத்திலேயே பணம் வருகிறது. இந்தக் கணக்கை மைத்துனருக்கும் காட்டுங்கள். தேர்வு எளிதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எழுதுபவர்களில் 6 விழுக்காட்டினரைத்தான் உதவிப்பேராசிரியர் பணிக்குத் தகுதியுள்ளவர்களாக அறிவிக்கிறார்கள், உதவித்தொகை அவர்களிலும் ஒரு பகுதியினருக்கே. உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. 22 வயதுப் பெண்ணுக்குப் பல வாய்ப்புகள் மிச்சம் இருக்கின்றன.

வழிகாட்டிப் பேராசிரியரைத் தேடும்போது கௌரவம் பார்க்கக் கூடாது. மானியக் குழு விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப்பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப்பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. ஆகவே முதல் சந்திப்பிலேயே காலியிடத்தையும் ஓய்வு ஆண்டையும் மரியாதையோடு கேட்டுவிட வேண்டும். அவள் தலைப்புக்கு உடற்செயலியல் அல்லது தொழிலகப் பாதுகாப்பு தெரிந்த இணைவழிகாட்டி ஒருவரும் தேவைப்படுவார். விதியில் அதற்கு இடம் உண்டு. 18 வயது நிறையாத பயிற்சி மாணவர்களை அளக்க வேண்டுமானால் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும், அந்தப் பிள்ளையின் ஒப்புதலும், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். இவற்றுக்கே பல மாதம் பிடிக்கும்.

இரண்டு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். உதவித்தொகை கிடைக்காத நிலையில், ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிறுவனத்தில் கடன் வாங்கி முனைவர் பட்டம் செய்யக் கூடாது. ஆய்வேட்டை 'முடித்துத் தருகிறோம்' என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை பேசும் தரகர்கள் என் மேசைக்கே விளம்பரத் தாள் அனுப்பியிருக்கிறார்கள். அந்த நோட்டை எழுதிய கைக்கு அது பெரிய அவமானம்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டம் பெற்றவுடன் நிரந்தர வேலை என்று நான் வாக்குத் தர முடியாது. அரசுக் கல்லூரிப் பணியிடங்கள் எப்போதாவதுதான் நிரப்பப்படுகின்றன. நடுவில் குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளராகச் சில ஆண்டு போகலாம். கிடைத்தால் உதவிப்பேராசிரியருக்கும் கல்லூரி உடற்கல்வி இயக்குநருக்கும் பல்கலைக்கழக மானியக் குழு ஊதிய விகிதத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். இயக்குநர் பணிக்கு ஏட்டறிவு மட்டும் போதாது: 30 வயது வரையுள்ள பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டர் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். கோ-கோ ஆடும் உங்கள் மகளுக்கு அது பெரிதல்ல, ஆனால் ஆய்வு செய்யும் ஆண்டுகளில் மைதானத்தை விட்டுவிடக் கூடாது. பணியிடம் தாமதமானாலும், தொழிலாளர் உடல்நலத்தை அளக்கத் தெரிந்த ஒருவருக்குத் தொழிற்சாலைகள் நிறைந்த மாவட்டத்தில் செய்ய வேலை இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கடைசியாக உங்கள் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டது: இப்படியே படித்துக்கொண்டிருந்தால் கல்யாணம் எப்போது? அம்மாவின் கவலையை நான் சிறிதாக நினைக்கவில்லை. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு அதற்குமேல் 2 ஆண்டுத் தளர்வும், மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. திருமணத்துக்காகப் படிப்பையோ படிப்புக்காகத் திருமணத்தையோ கைவிட வேண்டிய கட்டாயம் விதியில் இல்லை. எப்போது என்பதை அவளிடம் கேளுங்கள். பெங்களூரிலிருந்து நாள் குறிக்க வேண்டாம்.

முன்பணம் கட்ட வேண்டாம் என்று மைத்துனரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். வரும் சனிக்கிழமை மகள் மட்டும் வந்தால் போதும். நோட்டை எடுத்து வரட்டும். அந்த உயரமான பையனையும் ஒருமுறை மாலையில் அளந்து, எத்தனை மணிக்கு அளந்தாள் என்பதையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.