கிட்டார் கேள்வி-பதில்: ஆர்மை அழுத்தினால் சுருதி ஏன் ஓடுகிறது?

கேள்வி: ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை கிட்டார் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. ஆர்மை, அதாவது பிரிட்ஜை ஆட்டிச் சுருதியை அசைக்கும் கைப்பிடியை, அழுத்திவிட்டு விட்டால் மூன்றாவது கம்பி சுருதி ஏறி நிற்கிறது. கடையில், கம்பிகளை உடம்பில் தாங்கும் பிரிட்ஜையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– மதுரை வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பாதி விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சுருதி இறங்கவில்லை, ‘ஏறி’ நிற்கிறது என்கிறீர்கள். ஆர்மை அழுத்தும்போது கம்பி தளர்கிறது இல்லையா, அப்போது நட்டுக்கு (கழுத்தின் உச்சியில் கம்பிகள் படியும் பள்ளமிட்ட பட்டைக்கு) மேலே, தலைப்பகுதியில் இருக்கும் துண்டு இன்னும் இறுக்கமாக இருப்பதால் அது கம்பியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆர்ம் பழைய இடத்துக்கு வரும்போது அந்தக் கொஞ்சமும் நட்டைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். நட்டின் பள்ளம் அதைக் கவ்விக்கொண்டால் வராது, வாசிக்கும் பக்கத்தில் கம்பி கூடுதல் இறுக்கத்தோடு நின்றுவிடும். அதுதான் ஏறிய சுருதி. பிரிட்ஜின் மேல் பழி போடுவதில் நியாயமே இல்லை.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். தலைப்பகுதியில் கம்பியை முறுக்கும் ட்யூனரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே காதை நட்டின் பக்கம் வையுங்கள். சுருதி சீராக ஏறாமல், அசையாமல் நின்று, ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு சட்டென்று தாவினால் பள்ளம் பிடிக்கிறது என்று அர்த்தம். கம்பியைத் தளர்த்தித் தூக்கி, மென்மையான பென்சிலின் முனையைப் பள்ளத்தில் நன்றாகத் தேயுங்கள், அந்தக் கரிதான் வழுக்கும் பொருள். 9 அளவுக் கம்பியிலிருந்து அதைவிடத் தடித்த 10-க்கு மாறியிருந்தால் பள்ளம் குறுகலாக இருக்கலாம். அப்போது நட் வேலை தெரிந்தவரிடம் அரம் போட்டு அகலப்படுத்தச் சொல்லுங்கள், ஆழப்படுத்த வேண்டாம். மூன்றாவது கம்பி மட்டும் ஏன் என்றால், மேலே உலோக இழை சுற்றாத கம்பிகளில் அதுதான் தடிமன். கம்பி கடுகளவு நழுவினாலும் மற்றவற்றைவிட அதிகமாகக் காட்டிக்கொடுக்கும்.

ஆர்மை அழுத்திவிட்ட பிறகு சுருதி *இறங்கி* நின்றால் கதை வேறு. ட்யூனர் முளையில் சுற்றுகள் தளர்வாக இருக்கலாம், புதுக் கம்பியைச் சரியாக இழுத்துப் பழக்காமல் விட்டிருக்கலாம், அல்லது பிரிட்ஜ் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. கடைசிக் காரணத்தை நானே அனுபவித்திருக்கிறேன். ஒருமுறை சர்வீஸுக்குக் கொடுத்த என் கிட்டாரில் பிரிட்ஜ் தகட்டின் முன்பக்கத்து ஆறு திருகுகளையும் மர மேசைக்கு முறுக்குவது போல இறுக்கித் தந்துவிட்டார்கள். தகடு ஊஞ்சல் மாதிரி ஆட வேண்டியது, திருகுத் தலைகளின் அடியில் நசுங்கிக் கிடந்தது. ஒவ்வொன்றையும் ஒரு சுற்றுப் போல தளர்த்தி, தகட்டுக்கும் திருகுத் தலைக்கும் இடையே காகிதம் நுழையும் இடம் விட்டதும் அன்று சாயங்காலமே சுருதி நின்றது. அதில் ஒரு பைசா செலவில்லை.

கேள்வி: பிரிட்ஜ் தகட்டின் அடியில் இரும்பு பிளாக் போட்டால் டோன் மாறும் என்கிறார்கள். உண்மையா?
– சேலம் வாசகர்

பதில்: மாறும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு மாறாது. லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1954-இல் ஸ்ட்ராடோகாஸ்டரை வெளியிட்டபோது தகட்டின் அடியில் கனமான இரும்பு பிளாக்தான் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் செலவைக் குறைக்க வார்ப்பு உலோகத்துக்குப் போனார்கள், அதிலிருந்துதான் இந்த வாதம். கம்பியின் அதிர்வு எங்கே முடிகிறதோ அங்கே கனம் கூடினால் அந்த இடம் குறைவாக ஆடும், அதனால் அதிர்வு கொஞ்சம் அதிக நேரம் கம்பியிலேயே நிற்கும். மெல்லிய துத்தநாக பிளாக் உள்ள மலிவு கிட்டாரில் இந்த வித்தியாசத்தை ஓரளவு உணரலாம். ஏற்கெனவே நல்ல பிளாக் இருந்தால் பணத்தை, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் போடுங்கள், அல்லது ஆம்ப்புக்குச் சேர்த்து வையுங்கள்.

பிளாக்கைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் டோனுக்குள் எப்படி நுழைகின்றன என்று கேட்க வேண்டுமா? பின்மூடியைக் கழற்றி, ஆம்ப் இல்லாமல் ஒரு தடவை கம்பியைத் தட்டி உடனே உள்ளங்கையால் எல்லாக் கம்பிகளையும் அடக்குங்கள். பின்னால் மெல்லிசாக ஒரு ரீங்காரம் தொடரும். இப்போது ஸ்பிரிங்குகளின் அடியில் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைச் செருகி மறுபடி தட்டுங்கள், ரீங்காரம் அடங்கிவிடும். ஸ்ட்ராட்டின் சத்தத்தில் காற்றோட்டம் போல ஒன்று இருக்கிறது என்று சொல்வார்களே, அதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. எனக்கு அது பிடிக்கும், ஸ்பாஞ்சை எடுத்துவிடுவேன். அதிகமான டிஸ்டார்ஷனில் சட்சட்டென்று நிறுத்தி வாசிப்பவர்கள் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

பிளாக்கோ பிரிட்ஜோ எதை வாங்கினாலும் முதலில் அளவெடுங்கள். ஆறு திருகில் முதலாவதுக்கும் ஆறாவதுக்கும் மையத்திலிருந்து மையம் பழைய ஃபெண்டர் முறையில் ஏறக்குறைய 56 மி.மீ., ஆசியாவில் செய்யப்படும் பல கிட்டார்களில் 52.5 மி.மீ. மாற்றி வாங்கினால் பொருந்தாது. மெல்லிய உடம்புள்ள கிட்டாரில் நீள பிளாக் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்.

கேள்வி: பிரிட்ஜை உடம்பைத் தொடாமல் மிதக்க விடுவதா, உடம்போடு படிய வைப்பதா?
– கோவை வாசகி

பதில்: ஆர்மை மேலே இழுப்பீர்களா? அதை மட்டும் யோசியுங்கள். 10–46 (மெல்லிய கம்பி 10 அளவு, தடித்தது 46) கம்பித் தொகுதி சேர்ந்து இழுக்கிற இழுவை 46 கிலோவுக்கு மேல், 9–42 என்றால் 38 கிலோ அளவு. மிதக்கும் பிரிட்ஜில் அத்தனை இழுவையையும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகள் தராசு மாதிரி ஏந்துகின்றன. ஒரு கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி பெண்ட் செய்தால் தராசு முன்னால் சாயும், கூடவே ஒலிக்கும் மற்ற ஐந்தும் சுருதி இறங்கும். ஒரு கம்பி அறுந்தால் மிச்சம் அத்தனையும் ஏறும், மேடையில் அப்போது பாட்டையே நிறுத்த வேண்டியிருக்கும். பாட்டுக்கு நடுவே ஆறாவது கம்பியை ‘டி’ சுரத்துக்கு இறக்குவதும் நடக்காது.

படிய வைத்தால் இந்தத் தொல்லை மூன்றும் பெரும்பாலும் தீரும், உடம்பின் மேல் தகடு உட்கார்ந்திருப்பதால் சத்தமும் கொஞ்சம் திடமாக வரும். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஒரு படி மேலே போய் பிளாக்கின் பின்னால் மரக்கட்டை வைத்து அசையவே விடாமல் பூட்டிக்கொண்டார். இன்னொரு கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் நேர்மாறு. ஆர்மை விரல்களுக்குள்ளேயே வைத்து மேலும் கீழும் அசைத்து ராகம் பிடிப்பது போல வாசித்தவர், அவருக்கு மிதக்கும் பிரிட்ஜ் இல்லாமல் முடிந்திருக்காது. வீணையில் கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வாசிப்பு உடனே புரியும். உங்களுக்கு எது வேண்டும் என்று உறுதியாகத் தெரியும்வரை படிய வையுங்கள்: பின்னால் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் தகட்டின் (கிளா) திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் ஆறு கம்பியையும் சுருதி சேர்த்துப் பாருங்கள், தகட்டின் பின் விளிம்பு உடம்பைத் தொட்டதும் இன்னும் ஒரு சுற்று.

கேள்வி: என் லெஸ் பால் வகை கிட்டாரில் ஆர்ம் இல்லை. ஃப்ளாய்ட் ரோஸ் என்ற ஆர்ம் பிரிட்ஜ் போடலாமா? பிக்ஸ்பி என்ற ஆர்ம் அமைப்பு நல்லதா?
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: ஃப்ளாய்ட் ரோஸ் வேண்டாம். அதன் சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. நட்டிலும், பிரிட்ஜில் கம்பி உட்காரும் ஸேடிலிலும் கம்பியை இரண்டு பக்கமும் பூட்டிவிடுவதால் மேலே சொன்ன நட் சிக்கலே அங்கே எழாது, கம்பி தொளதொளவென்று தொங்கும்வரை அழுத்தினாலும் சுருதிக்குத் திரும்பி வரும். ஆனால் அதற்குப் பொதுவாக உடம்பைக் குடைய வேண்டும், நட்டையும் மாற்ற வேண்டும், குடைந்த மரம் திரும்பி வராது. அதன் மேல் ஆசை இருந்தால் அது பொருத்தியே வருகிற கிட்டாரை வாங்குங்கள், விலை மலிவானதைத் தவிர்த்து. பிரிட்ஜ் சாய்ந்து ஆடும் கத்தி முனை மட்டமான உலோகத்தில் சீக்கிரம் மழுங்கும், மழுங்கினால் எத்தனை பூட்டு இருந்தும் பயனில்லை.

பிக்ஸ்பி உங்களுக்குப் பொருந்தும், நீங்கள் கேட்பது மெல்லிய அசைவு என்றால். உடம்பைக் குடையாமல் மேலே பொருத்துகிற மாதிரிகள் இருக்கின்றன. கிட்டாரின் கனம் கூடும். லெஸ் பால் தலையில் நடுக் கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் வளைந்து போவதால் மூன்றாவதும் நான்காவதும் நட்டில் மாட்டும், பிரிட்ஜ் ஸேடிலிலும் உரசும். அதனால் உருளை ஸேடில் உள்ள பிரிட்ஜையும் சேர்த்து வாங்குங்கள், அப்புறம் மதுரைக்காரருக்குச் சொன்ன பென்சிலை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.