பாரிசுக்குப் போகும் அம்மா

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அக்காவும் மச்சானும் பாரிசில் இருக்கிறார்கள். அக்காவுக்கு நவம்பரில் பிரசவம். நானும் அம்மாவும் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரப் போகிறோம். விசா வந்துவிட்டது. உலகத்துக்கே ஃபேஷன் சொல்லிக்கொடுக்கிற ஊர் என்கிறார்கள். அங்கே என்ன உடுத்துவது? நான் கோட் சூட் தைக்கலாமா, ஜீன்ஸ் போதுமா? அம்மா நூல் சேலையைத் தவிர வேறு கட்டியதில்லை. சுடிதாருக்கு மாறச் சொல்லி ஒரு மாதமாகப் போராடுகிறேன். ஷூவும் வேண்டாம் என்கிறார். இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பார். அதையாவது கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்றேன், இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பட்டிக்காட்டிலிருந்து வந்தவர்கள் என்று பார்த்ததும் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நீங்கள் நாலு ஊர் பார்த்தவர். ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகன், பாம்பன்

அன்புள்ள தம்பி,

கோட் சூட் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். தைக்க வேண்டாம். அக்காவின் பிரசவத்துக்குப் போகிறீர்கள். பாதி நாள் ஆஸ்பத்திரியிலும் மீதி நாள் அடுப்படியிலும்தான் கழியும். ஜீன்ஸ் போதும். எந்த நிறம் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள், அதில் எனக்கு அக்கறையும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் ஒரு படம் கிடந்தது. பழைய தகரப்பெட்டியைக் குடைந்தபோது அகப்பட்டது. கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் 1950களின் நடுவில் எடுத்தது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அப்பத்தா நிற்கிறாள். முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துத் தாடைக்குக் கீழே வலது கையால் பிடித்திருக்கிறாள். எங்கள் வீட்டில் முக்காடு போடும் பழக்கம் கிடையாது. அந்தக் கையைப் பாருங்கள், விரல் முட்டியெல்லாம் புடைத்து நிற்கிறது. அப்படி ஒரு பிடி. நாலு நாளாக அந்தக் கையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதத்தில் மூக்குத்தி வந்தது.

நம் கரைக்கு அன்றைக்குப் பட்டணம் என்றால் கொழும்புதான். சென்னை எங்கோ இருந்தது. தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார், அங்கே ரயில், விடிந்தால் கொழும்புக் கோட்டை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போகும்வரை அப்படித்தான் இருந்தது. எங்கள் பக்கத்து ஆண்களில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருந்தார்கள். சோப்பு, குடை, சாரம், சென்ட் எல்லாம் கொழும்பிலிருந்துதான் வரும். எது நாகரிகம் என்பதும் அங்கிருந்துதான் வந்தது.

தாத்தா புறக்கோட்டையில் ஒரு கருவாட்டுக் கடையில் கணக்கு எழுதினார். அப்பத்தா ஒரே ஒரு தடவை போனாள். அதுவரை அவள் ரவிக்கை போட்டதில்லை. பின்கொசுவம் வைத்துக் கட்டிய கண்டாங்கிச் சேலை, காதில் தண்டட்டி, அவ்வளவுதான் அவள். ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டு வரச் சொல்லித் தாத்தா கடிதம் போட்டார், தைத்துக்கொண்டு போனாள். அக்குளில் இறுக்கியது என்று பின்னாளில் சொல்வாள், ஆனால் அதைப் பெரிய குறையாகச் சொன்னதில்லை. போன மூன்றாம் நாள் தாத்தா அவளைச் செட்டியார் தெருவுக்குக் கூட்டிப்போனார். நகைக்கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. அங்கே தண்டட்டியைக் கழற்றச் சொல்லி, உருக்கி, சங்கிலியாகச் செய்யக் கொடுத்துவிட்டார். கடையில் கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி பேசுவார்களாம்.

தண்டட்டி போட்டு வளர்த்த காதைப் பார்த்திருக்கிறீர்களா? சிறுபிள்ளையிலேயே துளையிட்டு, கனம் ஏற்றி ஏற்றி, மடல் தோளைத் தொடும்வரை வளர்ப்பார்கள். அதில் பொன் இருக்கும்வரை அது அழகு. எடுத்துவிட்டால் இரண்டு தோல் வளையங்கள் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் காதோடுதான் அப்பத்தா கொழும்பில் மீதி நாளையெல்லாம் கழித்தாள். முக்காடு அதற்குத்தான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது கேட்டேன், காலிமுகத்திடல் பார்த்தாயா, எப்படி இருந்தது என்று. கொழும்பின் கடற்கரைத் திடல் அது, பாடப்புத்தகத்தில் பெயர் வந்திருந்தது. "காத்து அடிச்சுச்சுப்பா. முந்தானையப் புடிச்சுக்கிட்டே நின்னேன். வேற ஒண்ணும் பாக்கல" என்றாள். சொல்லும்போதே இடது காது மடலை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அது அவளுக்கே தெரியாமல் செய்வது. சாகும்வரை அப்படித்தான், யாராவது புது ஆள் வீட்டுக்கு வந்தால் கை காதுக்குப் போய்விடும். கடல் தாண்டிப் போய் ஒரு பெரிய பட்டணத்தில் இருபது நாள் இருந்துவிட்டு, ஒன்றுமே பார்க்காமல் திரும்பியவள் அவள்.

தாத்தா கெட்டவர் இல்லை, தம்பி. அவளைக் கைநீட்டி அடித்ததில்லை, கடன் வாங்கித்தான் அந்தப் பயணத்துக்கே செலவு செய்தார். உங்களைப் போலவே நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

தையல் போடாத துணி கேவலம் என்று யார் அவருக்குச் சொன்னார்கள்? 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பாண்டியக் கரைக்கு வந்த மார்கோ போலோ, இந்த நாடு முழுக்கத் தேடினாலும் ஒரு தையற்காரன் அகப்பட மாட்டான் என்று எழுதினார். அரசனே இடுப்பில் ஒரு துணியும் கழுத்தில் மணியும் முத்துமாக இருந்தான் என்று வியந்தார். வந்தவர் வெனிஸ்காரர், அன்றைக்கு உலகத்தின் பகட்டான ஊர்களில் ஒன்றிலிருந்து வந்தவர்.

பாரிசையும் சொல்கிறேன். அந்த ஊர்ப் பெண்கள் காற்சட்டை போட வேண்டுமானால் போலீஸில் அனுமதி வாங்க வேண்டும் என்று 1800இல் ஓர் உத்தரவு போட்டார்கள். நெடுங்காலம் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை என்றாலும், அது செல்லாது என்று அரசு சொன்னது 2013இல்தான். பூப்போட்ட நம் நாட்டுப் பருத்தித் துணிமேல் அந்த ஊருக்கு இருந்த மோகத்தால் தங்கள் நெசவாளிகள் கெட்டார்கள் என்று 1686இல் அதைத் தடை செய்தார்கள். தடை 1759வரை நீடித்தது, மக்கள் கள்ளத்தனமாக வாங்கி உடுத்தினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணியும் அதில் உண்டு. அம்மாவின் நூல் சேலையைப் பார்த்து முகம் சுளிக்கிற தகுதி அந்த ஊருக்கு இல்லை. சுளிக்கவும் மாட்டார்கள். நீங்கள்தான் சுளிக்கிறீர்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் குந்துகாலில் விவேகானந்தர் மண்டபம் இருக்கிறதே, எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருப்பீர்கள்? 1897 ஜனவரி 26ஆம் தேதி அமெரிக்காவும் ஐரோப்பாவும் சுற்றிவிட்டுத் திரும்பி அவர் பாம்பனில் கரையிறங்கினார். ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். அதெல்லாம் கல்லில் எழுதி வைத்திருக்கிறோம். அவர் போகும்போது பட்ட பாட்டை யாரும் சொல்வதில்லை. 1893இல் போதுமான கம்பளித் துணி இல்லாமல் பசிபிக் கடலில் குளிரில் வதங்கிப்போனார். அந்த ஆகஸ்டில் பாஸ்டன் பக்கத்திலிருந்து சென்னையில் இருந்த தன் சீடர் அளசிங்கருக்கு எழுதிய கடிதத்தில், தன் உடையைப் பார்க்கத் தெருவில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் கூடிவிடுகிறார்கள் என்றார். அங்கிருந்த பெண்கள் சொன்ன யோசனைப்படி வெளியே நடமாட நீளமான கறுப்புக் கோட்டு, பேசும் மேடைக்கு மட்டும் காவி அங்கியும் தலைப்பாகையும் என்று முடிவு செய்தார். தையற்காரரிடம் குளிர்த்துணிக்குச் சொல்லிவிட்டு வந்து, முந்நூறு ரூபாய்க்குக் குறையாது என்று கணக்கும் எழுதினார். செப்டம்பரில் சிகாகோ மேடையில் தலைப்பாகையோடுதான் நின்றார்.

கோட்டு குளிருக்கு. தெருவில் நிம்மதியாக நடப்பதற்கு. அதில் ஒரு தப்பும் இல்லை. அம்மாவும் கோட்டு போடட்டும், கட்டாயம் போட வேண்டும். ஆனால் அது அவர் உடம்பு குளிரில் நடுங்கக் கூடாது என்பதற்காக இருக்க வேண்டும். உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது என்பதற்காக அவர் மூக்கில் கை வைக்காதீர்கள். சுடிதார் போடலாமா என்று அவரைக் கேட்டீர்களா, போடச் சொன்னீர்களா? கேட்டால் ஒருவேளை சரி என்றிருப்பார். எத்தனையோ அம்மாக்கள் ஆசையாகப் போடுகிறார்கள். ஒரு மாதமாகப் போராடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றவளோடு எதற்குப் போராட்டம்? அந்த மூக்குத்தி எந்த வயதில் குத்தியது, யார் வாங்கிக் கொடுத்தது என்று உங்களுக்குத் தெரியுமா? முதலில் அதைக் கேளுங்கள். திருட்டுப் பயம் என்றால் கழுத்துச் சங்கிலியை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், நியாயம். அந்த ஊர் மெட்ரோவில் பிக்பாக்கெட் நிறைய. உங்கள் பர்ஸையும் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

பாரிஸ் சேலை காணாத ஊரும் இல்லை. வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா சப்பல் என்று ஒரு பகுதி. ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். சேலைக்கடை, நகைக்கடை, இட்லி, முருங்கைக்காய், எல்லாம் உண்டு. வருஷாவருஷம் கோடை முடியும்போது அங்கே பிள்ளையார் தேர் ஓடுகிறது, நடுத்தெருவில் சிதறுகாய் உடைக்கிறார்கள். 1983க்குப் பிறகு மாற்றுத்துணிகூட இல்லாமல் நம் கரையில் வந்து இறங்கியவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், உங்கள் அம்மா பார்த்திருப்பார். அந்த மக்களின் சொந்தபந்தங்கள் அந்தத் தெருவில் பட்டுச் சேலையோடு நடக்கிறார்கள். அம்மாவை ஒரு நாள் அங்கே கூட்டிப்போங்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நவம்பரில் அங்கே பகலில் பத்து டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் ஐந்துக்குப் பக்கம். மழை தூறிக்கொண்டே இருக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பாம்பன் காற்றிலேயே வளர்ந்த உடம்புக்கு அது பழக்கமில்லாத குளிர். அம்மாவுக்கு உள்ளே தெர்மல், மேலும் கீழும். அதன்மேல் பாவாடை, சேலை. முழுக்கை ஸ்வெட்டர். சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள், ஓரம் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. நகரும் படியிலும் மாட்டிக்கொள்ளும், அங்கே அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காதை மூடுகிற கம்பளித் தொப்பி அவசியம். கோட்டை இங்கே வாங்காதீர்கள். நம் வெயிலுக்குத் தைத்த கோட்டு அந்தக் குளிரைத் தாங்காது, பெட்டியிலும் இடத்தை அடைக்கும். மச்சானை ஒன்று வாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஷூ விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். செருப்போடு அந்த ஊரில் நவம்பரில் நடக்க முடியாது. ஆனால் வாழ்நாள் முழுக்க மணலில் நடந்த கால் அகன்றிருக்கும், குதிகாலில் வெடிப்பும் இருக்கும். கடையில் எடுத்துக் கொடுக்கிற முதல் ஷூ கடிக்கத்தான் செய்யும், அதனால்தான் வேண்டாம் என்கிறாரோ என்னவோ. ராமநாதபுரத்துக்குச் சாயங்காலமாகக் கூட்டிப்போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாகத் தெரியும். பருத்தி சாக்ஸ் போட்டுப் பார்த்து, ஓர் அளவு பெரியதாக, மெத்தென்ற ரப்பர் அடி வைத்ததாக வாங்குங்கள். நிறம் அவர் சொல்கிறது. கிளம்ப இன்னும் எத்தனை நாள் இருக்கிறதோ, தினமும் அரைமணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கட்டும். நீங்களும் கூட நடங்கள். மூக்குத்திக் கதையை அப்போது கேட்டுக்கொள்ளலாம். கேட்டதை எனக்கும் எழுதுங்கள்.

அக்காவுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்கட்டும்.