கேள்வி–பதில்: மிர்-சாட் 1 ஏன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போகவில்லை?

கேள்வி: இஸ்ரோவின் தரைநிலையம் நம் தீவிலேயே இருக்கும்போது, மொரீஷியஸின் முதல் செயற்கைக்கோளான மிர்-சாட் 1-ஐ ஏன் அமெரிக்க ராக்கெட்டில் அனுப்பினார்கள்? இந்தியாவில் செலவு குறைந்திருக்காதா?
– ரோஸ்ஹில் வாசகர்

பதில்: அந்தத் தரைநிலையத்தின் வேலை ராக்கெட்டுகளையும் செயற்கைக்கோள்களையும் பின்தொடர்ந்து தகவல் பெறுவது, அங்கிருந்து எதையும் ஏவுவதில்லை. ஐ.நா. விண்வெளி அலுவலகமும் ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்சாவும் நடத்தும் கிபோக்யூப் திட்டத்தில் 2018-இல் நம் நாடு தேர்வானதால், மிர்-சாட் 1-க்கு ஏவுகட்டணமே இருக்கவில்லை. ஆகவே ராக்கெட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் நம்மிடம் இருக்கவில்லை. 2021 ஜூன் 3 அன்று புளோரிடாவிலிருந்து ஃபால்கன் 9 ராக்கெட்டில், விண்வெளி நிலையத்துக்கான மற்றச் சரக்குகளோடு அது ஏறியது. ஜூன் 22 அன்று அந்த நிலையத்தில் உள்ள ஜப்பானின் கிபோ ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே விடப்பட்டது. பக்கத்துக்குப் 10 செ.மீ. உள்ள கனசதுரம் அது. கன அளவில் ஒரு லிட்டர், அதாவது காவடிக்கு எடுக்கும் பால்செம்பு அளவுதான்.

பணம் கட்டி அனுப்பினாலும் இத்தனை சிறிய பொருளுக்காக ஏறத்தாழ 7 கோடி டாலர் கொடுத்து ஒரு முழு ஃபால்கன் 9-ஐ யாரும் அமர்த்துவதில்லை. நம் கடைக்காரர்கள் ‘குருப்பாஜ்’ முறையில் ஒரே கொள்கலனைப் பங்கிட்டுப் போர்ட் லூயிஸுக்குச் சரக்கு வரவழைப்பதைப் போலத்தான் இதுவும். 2017 பிப்ரவரி 15 அன்று இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. சி37 ராக்கெட் சுமந்த 104 செயற்கைக்கோள்களில் 101 வெளிநாட்டவை. ஆனால் பாதை வகுக்கப்பட்டது 714 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட் என்ற இந்தியப் புவிநோக்குச் செயற்கைக்கோளுக்காகவே. பங்குச் சரக்கு, முதன்மைச் சரக்கு இறங்கும் பாதையிலேயே இறங்கியாக வேண்டும். நம் செயற்கைக்கோளும் விண்வெளி நிலையத்தின் 400 கி.மீ. உயரத்தில் விடப்பட்டதால், அங்கும் மிச்சமிருக்கும் மெல்லிய காற்றின் உராய்வில் அதன் ஆயுள் குறுகியது. இலவசத்துக்கு நாம் கொடுத்த விலை அது என்பேன்.

கட்டண ஒப்பீட்டில் இந்தியாதான் மலிவு என்று இன்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. பி.எஸ்.எல்.வி.யின் நான்கு அடுக்குகளும் ஒரே பயணத்தோடு முடிந்துவிடுகின்றன. ஃபால்கன் 9-இன் முதல் அடுக்கோ திரும்பி வந்து நிமிர்ந்தபடி தரையிறங்குகிறது. 200 கிலோ வரை 10 லட்சம் டாலர் என்று ஸ்பேஸ்எக்ஸ் 2020-இல் பங்குப் பயணங்களுக்கு விலை அறிவிக்க முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். மிர்-சாட் 1 போன நாளில் புத்தம்புதிதாக முதன்முறை பறந்த அந்த அடுக்கு, 2025 ஆகஸ்டில் தன் 30-ஆவது பயணத்தை முடித்தது!

கேள்வி: தமிழ்நாட்டிலும் ஏவுதளம் வருகிறதாமே, எதற்காக?
– திரியோலே வாசகி

பதில்: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து செல்ல வேண்டியிருப்பதால், சுமக்கும் எடை குறைகிறது, இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்கு இந்த இழப்பு பெரிது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே கடல்மேல் ஏவலாம். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே அடிக்கல் நாட்டினார்கள். திருச்செந்தூருக்கு யாத்திரை போகும் நம்மவர்களுக்கு அது பக்கத்து ஊர்தான்.