தடைதாண்டல் ஓடுகிறவர் விளையாட்டு மருத்துவப் பேராசிரியர் ஆக முடியுமா?

அக்கரைப்பற்றில் உயர்தரம் உயிரியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: 3000 மீற்றர் தடைதாண்டல் ஓடுகிறேன், விளையாட்டு மருத்துவம் படித்துப் பேராசிரியராக வர ஆசை, வீட்டில் ஓட்டத்தை விடச் சொல்கிறார்கள், இரண்டையும் செய்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள் தம்பி. அவுஸ்திரேலியாவின் பீற்றர் லார்கின்ஸ் 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் நீங்கள் ஓடும் அதே போட்டியில் ஓடியவர், பிறகு அந்த நாட்டில் பலரும் அறிந்த விளையாட்டு மருத்துவராக வந்தார். 1954 மே 6ஆம் திகதி ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடிய றொஜர் பனிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர். அவர் ஓடுபொறியில் ஆட்களை ஓடவைத்து, மூச்சில் ஒட்சிசனைக் கூட்டிக் கொடுத்தால் என்ன நடக்கிறது என்று ஆராய்ச்சி செய்து அதே வருடம் கட்டுரையும் வெளியிட்டார், பின்னாளில் பெரிய நரம்பியல் நிபுணர் ஆனார். அந்த மைலில் முதல் இரண்டு சுற்றும் அவருக்கு முன்னால் ஓடிக்கொடுத்த கிறிஸ் பிராஷர்தான் 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் தடைதாண்டலில் தங்கம் வென்றவர். இவற்றை வீட்டில் சொல்லுங்கள்.

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் உடற்கல்வி ஆசிரியை. ஓடிப் பார்த்த ஒருவர் வைத்தியரானால் என்ன வித்தியாசம் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாத குறையை ஒவ்வொரு வருடமும் மைதானத்தில் பார்க்கிறேன்.

தடைதாண்டலையே எடுங்கள். 28 தடை, 7 தண்ணீர்ப் பாய்ச்சல், மொத்தம் 35 தடவை தாண்ட வேண்டும். ஆண்களுக்குத் தடையின் உயரம் 91.4 சென்ரிமீற்றர், கால் பட்டால் விழுகிற தடையும் இல்லை, மரக்குற்றி மாதிரி நிற்கும், விழுவது நாம்தான். தண்ணீர்க் குழி 3.66 மீற்றர் நீளம், தடைக்குக் கிட்ட ஆழம், போகப்போக மேடு, அதனால் தூரமாகப் பாய்கிறவருக்குத் தண்ணீர் குறைவு. களைத்த காலோடு கடைசிச் சுற்றில் வருகிறவர் கிட்டவே விழுகிறார், முழு உடம்பின் பாரமும் ஒரே காலில், அதுவும் நனைந்த சப்பாத்தோடு இறங்குகிறது. இதை ஓடியவர், ஒரு பிள்ளை நொண்டிக்கொண்டு வந்தால் “எந்தக் காலில் இறங்குகிறாய்?” என்றுதான் முதலில் கேட்பார். மற்றவர்கள் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். எலும்பில் விழும் நுண்ணிய வெடிப்பு ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

என்னிடம் வந்த ஒரு பிள்ளையின் முன்னங்கால் எலும்பைப் பெருவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு வந்தேன். நீளமாகப் பரவி நொந்தால் பெரும்பாலும் தசை இழுப்பு சார்ந்த நோவு, ஓய்வோடு மாறும். இவளுக்கு ஒரே ஒரு இடத்தில், ஒரு ரூபாய்க் குற்றி அளவில், தொட்டதும் காலை இழுத்துக்கொண்டாள். அந்தக் காலில் மட்டும் துள்ளச் சொன்னேன், முடியவில்லை. உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன், மாதவிடாய் வந்து பல மாதம் என்றாள், காலையில் தேத்தண்ணியோடு மட்டும்தான் பயிற்சிக்கு வருகிறாள். சாப்பாடு போதாமல் ஓடினால் எலும்பு மெலிகிறது, இதற்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் தனிப் பெயரே வைத்து எச்சரித்திருக்கிறது. நான் பெண் என்பதால் சொன்னாள், இல்லாவிட்டால் வாயே திறந்திருக்கமாட்டாள். (அந்தப் பிள்ளை பிறகு திரும்பவும் ஓடினாள், முட்டையும் பயறும் சாப்பிட்டுக்கொண்டு.)

அடுத்தது வெயில். 2024 மார்ச்சில் உங்கள் அம்பாறை மாவட்டத்தில், திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் இறந்த செய்தி இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அந்த மரணத்தின் காரணத்தை நான் பேச வரவில்லை. ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் நம் கரையோரத்தில் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை வழியுமே தவிரக் காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிராக்காது. உடம்பின் உட்சூடு 40 பாகையைத் தாண்டிப் பிள்ளை உளறத் தொடங்கினால் அது வெப்ப அதிர்ச்சி, அப்போது அம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் அந்த இடத்திலேயே கழுத்துவரை குளிர்ந்த தண்ணீரில் இருத்த வேண்டும், முதலில் குளிர்த்துவது, பிறகுதான் கொண்டுபோவது. அமெரிக்காவின் ஃபல்மத் வீதியோட்டத்தில் இப்படி உடனே ஐஸ் தண்ணீரில் இருத்திய 274 பேரும் பிழைத்ததாகப் பதிவு இருக்கிறது. நமக்குத் தேவை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியும் நாலு ஐஸ் கட்டியும், அதைச் சொல்லித்தர ஒரு ஆளும். அந்த ஆளாக நீங்கள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சரி, வழி. முதலில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசற் புள்ளி (Z-score), அதில் சமரசம் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்பு மட்டக்களப்பிலேயே இருக்கிறது, ஐந்து வருடம், அப்புறம் உள்ளகப் பயிற்சி. பிறகு கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் விளையாட்டு மருத்துவத்துக்கு டிப்ளோமாவும் உண்டு, நிபுணராக எம்டியும் உண்டு. பேராசிரியர் பதவி அதற்குப் பிறகு கற்பித்தலும் ஆராய்ச்சியுமாக வருவது, நீண்ட பாதை, ஆனால் திறந்திருக்கிறது.

உயர்தரம் முடியும்வரை போட்டிக்கு ஓட வேண்டாம், கிழமையில் மூன்று நாள் காலையில் மெதுவாக ஓடுங்கள், தடை தாண்டுவதைச் சோதனை முடியும்வரை ஒதுக்கிவையுங்கள். வீட்டில் அதற்கு ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் அம்மாவை என்னோடு பேசச் சொல்லுங்கள். இன்றிலிருந்து ஒரு கொப்பி போட்டு, எழும்பியவுடன் நாடித்துடிப்பு, ஓடிய தூரம், எத்தனை மணி நித்திரை, எங்கே நோவு என்று எழுதி வாருங்கள்.