பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் எடுத்தவருக்கு முழுக் கல்வி உதவித்தொகை எங்கே கிடைக்கும்?

முழு உதவித்தொகை என்பது கல்லூரிக் கட்டணத்தோடு விடுதி, சாப்பாடு, புத்தகச் செலவுகளையும் ஏற்பதாகும். காசிமேட்டில் மீனை இனாமாகக் கொடுத்தாலும் வெட்டுக்கூலியும் எண்ணெயும் நம் கணக்கில்தான் சேரும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கு அரசு தரும் முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படித்தான், கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடும். வியாசர்பாடியிலிருந்து கோயம்புத்தூர் போய்ப் படிப்பவரை அழுத்துவது விடுதிக் கட்டணமே.

ஆகவே, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர், பொறியியல் கலந்தாய்வில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர் மிகக் குறைவாக இருந்ததால் 2021இல் வந்த அந்த ஏற்பாட்டில் கல்வி, விடுதி, கலந்தாய்வு ஆகிய மூன்று கட்டணங்களையும் அரசே செலுத்துகிறது.

மதிப்பெண் இருந்தாலே வெளிநாட்டில் எங்கும் முழுத் தொகை கிடைக்கும் என்பது பரவலான தவறான எண்ணம்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான ஹார்வர்டும் எம்ஐடியும் இளநிலைப் படிப்புக்கான உதவியைக் குடும்பத்தின் பண நிலையைப் பார்த்தே தருகின்றன, மதிப்பெண்ணுக்காக அல்ல.