உக்கு பாச்சாவை நரகம்னு எழுதலாமா?

மகளோட ஸ்கூல் சார்ட்டில் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியை ஆண்ட இன்காக்களின் கீழுலகமான உக்கு பாச்சாவுக்கு நெருப்பு வரைஞ்சு 'நரகம்'னு போடலாமான்னு கேட்டிருந்தீங்க. வேணாங்க. அந்த நெருப்பு பின்னாடி அங்க வந்த ஸ்பானியப் பாதிரிகள் ஏத்தினது. இன்காக்களுக்கு அது முன்னோர்களும் விதைகளும் இருக்கிற உள்ளுலகம்; குகையும் ஊற்றும் அதன் வாசல்.

செத்தவங்களைக் கண்டு அவங்க ஒதுங்கினதும் இல்லை. பதப்படுத்தின அரசர்களின் உடல்களைக் தலைநகரான குஸ்கோவின் சதுக்கத்துக்குத் தூக்கிவந்து, வரிசையா உட்காரவெச்சு, மக்காச்சோளத்தில் காய்ச்சின சிச்சாங்கிற பானத்தைப் படைப்பாங்க. எத்தனையோ பேர் கையில் ஒளிஞ்சிருந்த அந்த உடல்களை 1559-இல் போலோ தெ ஒந்தெகார்தோ என்ற ஸ்பானிய அதிகாரி தேடிப் பிடிச்சுப் பறிச்சுட்டார்.

அதனால நெருப்பை அழிச்சுட்டு ஒரு குகை, ஊற்று, முளைவிடும் மக்காச்சோளம் வரையச் சொல்லுங்க. மேலே, மேலுலகமான ஹனான் பாச்சாவில், சூரியக் கடவுள் இன்தியும் நிலாத் தாய் 'மாமா கில்லா'வும். நடுவில் கய் பாச்சா, நாம நடமாடுற உலகம்.